சுவரிலிருந்து உடலுக்கு, உடலிலிருந்து சட்டைக்கு: டான் எட் ஹார்டியின் பச்சைக்குத்துக் கலையும் வெகுமக்கள் பண்பாடும்

முன்னுரை

வெகுமக்கள் பண்பாடு குறித்துத் தமிழில் எழுதப்பெறும் ஆய்வுகள் பெரும்பாலும் திரைப்படம், திரைப்பாடல், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. மனித உடலையே தளமாகக் கொண்ட பச்சைக்குத்துக் கலையை மானிடவியலாருக்கு உரிய பொருளெனக் கருதி நாம் ஒதுக்கியே வைத்துள்ளோம். அதனை ஓவியத்தைப் போலத் திறனாய்வுக்கு உட்படுத்தலாமா என்னும் வினா எழும்போது இரண்டு தடைகள் குறுக்கிடுகின்றன. இக்கலைஞர் கையாளும் உருவங்களுள் பெரும்பாலானவை அவருடைய சொந்தக் கற்பனையில் தோன்றியவை அல்ல என்பது முதலாவது தடை. கப்பல், நங்கூரம், மண்டையோடு, நாகம், அம்பு தைத்த இதயம் எனப் பலர் கைபட்டுத் தேய்ந்து வந்தவை அவை. படைப்பின் இறுதி வடிவத்தைக் கலைஞர் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பது இரண்டாவது தடை. அதனை வாழ்நாள் முழுதும் சுமக்கப் போகிறவருக்கும் அதில் பங்குண்டு.

இவ்விரு தடைகளையும் நேர்கொண்டு நோக்குவதற்கு அமெரிக்கப் பச்சைக்குத்துக் கலைஞர் டான் எட் ஹார்டியின் படைப்பு வாழ்க்கை மிகவும் பொருத்தமான களமாகும். நம் மாணவர்களுள் பலர் அப்பெயரைச் சட்டைகளிலும் தொப்பிகளிலும் மட்டுமே கண்டிருப்பர். அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அம்மனிதர் செப்புத்தகட்டு அச்சோவியத்தில் பட்டம் பெற்றவர் என்பதும், நூல்கள் பலவற்றைப் பதிப்பித்தவர் என்பதும் அவர்களுள் பலருக்கு வியப்பாக இருக்கும். முன்னரே வரைந்து விலையிட்ட படங்களைச் சுவரில் தொங்கவிட்டு விற்கும் முறையை ஹார்டி தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளில் எதிர்த்து நின்றார். ஆயினும் 2004ஆம் ஆண்டுக்குப் பின்னர் அம்முறையே மிகப் பெரிய அளவில் அவருடைய பெயராலேயே உலகெங்கும் பரவியது. இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது, அவருடைய கலையின் இயல்பிலேயே அதற்கான வித்து இருந்ததா என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சுவர்ப்படங்களின் உலகம்

ஹார்டி 1945ஆம் ஆண்டு ஐயோவா மாநிலத்தில் பிறந்து, தென் கலிபோர்னியாவின் கடலோர ஊரான கொரோனா டெல் மாரில் வளர்ந்தவர். நண்பன் ஒருவனின் தந்தை படைப்பணியில் இருந்தபோது குத்திக்கொண்ட பச்சைகளைக் கண்டு ஈர்க்கப்பட்ட அவர், பத்து வயதளவில் தம் வீட்டிலேயே விளையாட்டுக் கடை ஒன்றை அமைத்தார். கண்மைப் பென்சிலும் வண்ணப் பென்சில்களும் கொண்டு அக்கம்பக்கத்துச் சிறுவர்களின் கைகளிலும் மார்பிலும் கழுகும் கப்பலும் வரைந்தார். லாங் பீச் நகரின் கேளிக்கைப் பூங்காவில் பெர்ட் கிரிம் என்னும் மூத்த தொழிலர் நடத்திவந்த கடைக்குச் சென்று, அங்குச் சுவரில் இருந்த படங்களை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து தாளில் வரைந்தார். அவருடைய முதல் ஓவியப் பள்ளி அக்கடையின் சுவரேயாகும்.

அச்சுவர் எத்தகையது என்பதை விளக்குவது இவ்விடத்தில் தேவையாகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி அமெரிக்கப் பச்சைக்குத்துக் கடைகள் துறைமுகங்களையும் படைமுகாம்களையும் சார்ந்தே வாழ்ந்தன. கரையில் ஓரிரவு மட்டும் தங்கும் மாலுமிக்குச் சிந்திக்க நேரமில்லை. ஆகவே மாதிரிப் படங்கள் வரையப்பட்ட தாள்கள் சுவர் முழுதும் ஒட்டப்பட்டிருக்கும். ‘ஃபிளாஷ்’ என்பது அத்தாள்களுக்குத் தொழிலில் வழங்கும் பெயர். வருபவர் ஒன்றைச் சுட்டிக் காட்டுவார். அதன் கோட்டுருவம் முன்னரே செலுலாய்டுத் தகட்டில் கீறி வைக்கப்பட்டிருக்கும். அக்கீறல்களில் கரித்தூளைத் தூவித் தோலில் அழுத்தினால் படம் பதிந்துவிடும். அதன்மேல் ஊசி செல்லும். இம்முறையில் வேகம் உண்டு, விலை குறைவு, பிழையும் அரிது. ஆனால் ஒரே கழுகு ஆயிரம் மார்புகளில் அமரும்.

இப்படங்களும் எங்கிருந்தோ வந்தவைதாம். அக்காலத்து மாலுமிகள் முதுகில் பெரிதாகக் குத்திக்கொண்ட உருவங்களுள் ஒன்று, கொந்தளிக்கும் கடலின் நடுவே கற்சிலுவை ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கும் பெண்ணின் உருவம். பதினெட்டாம் நூற்றாண்டின் கிறித்துவப் பாடல் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியமாயிற்று. அவ்வோவியம் மலிவான அச்சுப்படமாகி வீட்டுக் கூடங்களில் தொங்கிற்று. பின்னர் அது மாலுமியின் முதுகேறிற்று. பாடல், அச்சுப்படம், தோல் என்னும் இவ்வரிசை பச்சைக்குத்துக் கலையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவதாகும். வெகுமக்கள் பண்பாடு இக்கலைக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒன்று எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செப்புத்தகடும் தோலும்

ஹார்டி சான் பிரான்சிஸ்கோ கலைக் கழகத்தில் அச்சோவியம் பயின்று 1967ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். (ஒன்றரை நூற்றாண்டுப் பழமை வாய்ந்த அக்கழகம் 2022ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது.) டூரர், ரெம்பிராண்ட், கோயா ஆகியோரின் செப்புத்தகட்டு அச்சுகளை அவர் அங்கு ஊன்றிக் கற்றார். அவர் செதுக்கிய அச்சுகளுள் ‘எதிர்காலத் திட்டங்கள்’ எனப் பொருள்படும் தலைப்புடையது ஒன்றுண்டு. அதில் அவர் தம்மையே பச்சைக்குத்து நிறைந்த உடலினராகச் சித்திரித்துள்ளார். யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயிலக் கிடைத்த வாய்ப்பை மறுத்துவிட்டு அவர் ஊசியைக் கையிலெடுத்தார்.

இம்முடிவில் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. ஓக்லாந்து நகரில் ஃபில் ஸ்பாரோ என்னும் பெயரில் கடை நடத்தி வந்தவரிடம் ஹார்டி தொழில் பயின்றார். ஸ்பாரோவின் உண்மைப் பெயர் சாமுவேல் ஸ்டுவர்ட். அவர் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் நண்பர். சிக்காகோவில் பேராசிரியராக இருந்து 1956ஆம் ஆண்டு அப்பணியை விட்டு வெளியேறியவர். பல்கலைக்கழகத்தாரிடமிருந்து இத்தொழிலை மறைப்பதற்காகவே அவர் புனைபெயர் பூண்டார் என்பது நம் போன்றோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும். ஜப்பானியப் பச்சைக்குத்து பற்றிய நூலொன்றை ஹார்டிக்கு முதன்முதலாகக் காட்டியவரும் இவரே. முதுகு, தோள், தொடை அனைத்தையும் ஒரே ஓவியமாக இணைத்த உடல்களின் படங்களை அந்நூலில் கண்டது தம் போக்கை மாற்றியது என ஹார்டி பிற்காலத்தில் பலமுறை குறிப்பிட்டுள்ளார்.

செப்புத்தகட்டுப் பயிற்சிக்கும் தோலில் குத்துவதற்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் பலர் போகிற போக்கில் தொட்டுச் செல்கின்றனர். நாம் அதனைச் சற்று விரிவாகக் காண விரும்புகிறோம். இரண்டிலும் கோடே முதன்மை பெறுகிறது. இரண்டிலும் கூரிய முனை தளத்தைத் துளைக்கிறது. இரண்டிலும் போட்ட கோட்டை எளிதில் அழிக்க இயலாது; தவறினால் அத்தவற்றையும் உள்ளடக்கிப் படத்தை மாற்றி அமைக்க வேண்டும். இரண்டிலும் முதலில் எல்லைக்கோடு, பின்னர் நிழல் என்னும் வரிசை பின்பற்றப்படுகிறது. ஜப்பானிய மொழியில் பச்சைக்குத்துக் கலைஞரின் பட்டப்பெயர் ‘ஹோரி’ எனத் தொடங்கும். செதுக்குதல் என்பது அதன் பொருள். மரக்கட்டையில் அச்சோவியம் செதுக்குவோரின் தொழிலைக் குறிக்கும் சொல்லும் அதுவே. தமிழிலோ இத்தொழில் ‘பச்சை குத்துதல்’ என வழங்குகிறது. தோலின் அடியில் தங்கிய கரிய மை பசுநீலமாகத் தோன்றுவதால் நிறமே பெயராயிற்று. தமிழர் விளைவைக் கண்டு பெயரிட்டனர். ஜப்பானியர் கருவியின் செயலைக் கண்டு பெயரிட்டனர் எனலாம். ஹார்டியின் கலையைப் புரிந்துகொள்ள ஜப்பானியச் சொல்லே நமக்குக் கூடுதலாக உதவுகிறது.

குனியோஷியின் வீரர்கள்

ஜப்பானிய மரபு என்றவுடன் அதனைத் தொன்மையான, தூய்மையான, வணிகக் கலப்பற்ற ஒன்றாகக் காணும் போக்கு உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. நூற்றெட்டுக் கலகக்காரர்களைப் பற்றிய சீனப் புதினம் ஒன்று ஜப்பானிய மொழியில் ‘சூயிகோடென்’ என்னும் பெயரில் எடோ நகர மக்களிடையே பெரும் புகழ் பெற்றது. 1827ஆம் ஆண்டளவில் உத்தாகவா குனியோஷி (1797–1861) அவ்வீரர்களைத் தனித்தனி அச்சோவியங்களாக வரையத் தொடங்கினார். மூலக்கதையில் ஒரு சில வீரர்களுக்கே பச்சைக்குத்து உண்டு. குனியோஷியோ மேலும் பலருக்கு நாகங்களையும் சிங்கங்களையும் பூக்களையும் உடல் முழுதும் வாரி வழங்கினார். படங்கள் மிகுதியாக விற்பனையாயின. தீயணைப்போரும் சுமைதூக்குவோரும் தச்சரும் அப்படங்களைக் காட்டித் தம் முதுகில் அவ்வாறே செதுக்கச் செய்தனர். பச்சை குத்திய வீரனின் உருவத்தையே முதுகில் குத்திக்கொண்டவர்களும் உண்டு, பச்சைக்குள் பச்சை.

இன்று செவ்வியல் மரபெனப் போற்றப்படும் ஜப்பானியப் பச்சைக்குத்து, அக்காலத்து மலிவு விலைப் படங்களையும் மக்கள் விரும்பிப் படித்த வீரக்கதையையும் அடித்தளமாகக் கொண்டது என்பது இதனால் பெறப்படும். எடோ நகரத் தச்சன் சூயிகோடென் வீரனைத் தேர்ந்தெடுத்ததற்கும், இருபதாம் நூற்றாண்டு இளைஞன் ஒருவன் படக்கதை நாயகனையோ இசைத்தட்டு உறையையோ தேர்ந்தெடுப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை என்றே நாம் கருதுகிறோம். மேலைநாட்டாரின் கண்ணில் தம் நாடு நாகரிகம் குன்றியதாகத் தோன்றிவிடுமோ என்னும் அச்சத்தால் மெய்ஜி அரசு 1872ஆம் ஆண்டு பச்சை குத்துவதைத் தடை செய்தது. 1948ஆம் ஆண்டுதான் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் இக்கலை மறைவிடங்களுக்குச் சென்றது. குற்றக் குழுவினரின் அடையாளமாகவும் ஆயிற்று.

இம்மரபுக்கும் அமெரிக்கத் துறைமுகக் கடைக்கும் பாலமிட்டவர் ‘செயிலர் ஜெரி’ எனப் பெயர்பெற்ற நார்மன் காலின்ஸ் (1911–1973). ஹோனலூலுவின் ஹோட்டல் தெருவில் கடை வைத்திருந்த அவர் ஜப்பானியக் கலைஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு, அவர்களின் அலைகளையும் காற்றுக்கோடுகளையும் தம் படங்களின் பின்புலமாக்கினார். ஹார்டி அவரோடு நெடுநாள் கடிதம் வழி உரையாடியவர். அத்தொடர்பின் வழியாகவே 1973ஆம் ஆண்டு கீஃபு நகரில் ஹோரிஹிதே என்னும் கலைஞரின் கடையில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அங்கு இருந்துவிட்டு அவர் திரும்பினார்.

அவர் ஏன் அங்கேயே நிலைத்துவிடவில்லை? கீஃபுவில் அவர் கண்டதும் ஒருவகைச் சுவரே என்பது நமது கருத்து. நாகம் இவ்வாறு வளைய வேண்டும், கெண்டைமீன் இவ்வாறு நீரை எதிர்த்து ஏற வேண்டும், இன்ன உருவத்தோடு இன்ன பூவே சேர வேண்டும் என மரபு வகுத்திருந்தது. அவ்விதிகள் கடைச் சுவரில் ஒட்டப்படவில்லை. கலைஞரின் நினைவில் இருந்தன. அமெரிக்கச் சுவரைக் காட்டிலும் அது மேன்மையானது என்பதில் ஐயமில்லை. எனினும் வருபவர் தம் வாழ்க்கையைக் கொண்டுவந்து கலைஞர்முன் வைப்பதற்கு அதிலும் இடம் குறைவு. ஹார்டி அங்கிருந்து இலக்கணத்தை எடுத்துக்கொண்டார். சொற்களை வேறிடத்தில் தேடினார்.

வெறுமையான சுவர்

1974ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய ‘ரியலிஸ்டிக் டாட்டூ’ என்னும் கூடத்தில் தேர்ந்தெடுப்பதற்கான மாதிரிப் படங்கள் இல்லை. முன்னரே நாள் குறித்துக்கொண்டு வருவோரிடம் உரையாடி, அவருக்கென்றே புதிய படம் ஒன்றை வரைந்து, அதன் பின்னரே ஊசி எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் இம்முறையை நிலைநிறுத்திய முன்னோடியாக அவர் கருதப்படுகிறார். பணி பல அமர்வுகளாக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

ஹார்டியின் படைப்புகளில் நாம் மிக உயர்வாக மதிப்பது இக்காலகட்டத்தையே. அவரிடம் வந்தவர்கள் போரிலிருந்து திரும்பியவர்கள், கடலலையில் பலகை விடுபவர்கள், இசைக்கலைஞர்கள், அறிவியற்புனைகதை வாசகர்கள் எனப் பலவகையினர். அவர்கள் கொண்டுவந்த உருவங்களும் பலவகைப்பட்டன. அவற்றை அப்படியே பெயர்த்து ஒட்டியிருந்தால் அதுவும் சுவர்ப்படமாகவே முடிந்திருக்கும். ஹார்டி அவற்றை உடலின் வளைவுக்கு ஏற்ப அமைத்தார். தோள் திரும்பும்போது நாகத்தின் தலையும் திரும்புமாறும், தசை இறுகும்போது அலை எழுமாறும் கோடுகளை ஓடவிட்டார். கேலிச்சித்திரப் பாணியில் அமைந்த மண்டையோடு ஒன்றை ஜப்பானிய மேகங்களின் நடுவே வைக்கும்போது, மேகம் மண்டையோட்டுக்குப் பெருமிதம் சேர்க்கிறது. மண்டையோடு மேகத்தின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. இரவலாகப் பெற்ற இரண்டு உருவங்களின் சேர்க்கையில் எவரிடமிருந்தும் இரவல் பெறாத ஒன்று தோன்றுகிறது. முன்னுரையில் சுட்டிய முதல் தடைக்கு இதுவே நமது விடை. இரண்டாவது தடையோ இங்குத் தடையாகவே இல்லை. சுமப்பவரின் பங்கேற்பு அக்கூடத்தின் முதல் விதியாக அமைந்திருந்தது.

இதே காலத்தில் அவர் கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியின் மெக்சிக்க வழித்தோன்றல்களின் பாணியையும் கண்டறிந்தார். சிறைக்கூடங்களில் கிடைத்த சிறு மோட்டாரையும் கித்தார்க் கம்பியையும் கொண்டு ஒற்றை ஊசியால் மெல்லிய கருஞ்சாம்பல் கோடுகளாகக் குத்தும் முறை அது. குவாதலூப்பே அன்னை, சிரிப்பும் அழுகையுமான முகமூடிகள், தாழ்ந்தோடும் மகிழுந்துகள், காதலியின் முகம் ஆகியன அதன் உருவங்கள். அம்முறையைக் கடைக்குக் கொண்டுவந்த நிலையத்தை ஹார்டி 1977ஆம் ஆண்டு தாமே வாங்கி நடத்தினார். அப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஃப்ரெடி நெக்ரேட்டேயைப் பணியில் அமர்த்தினார். தாம் கற்றுக்கொண்டு தாமே செய்வதோடு நில்லாமல், அதற்கு உரியவர்களின் கையிலேயே அதனை விட்டுவைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்துக் காணவிருக்கும் செய்திக்கு இஃது ஓர் அளவுகோலாக அமையும்.

சரவாக்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவிற்கு

1982ஆம் ஆண்டு ஹார்டியும் அவர் துணைவியார் பிரான்செஸ்கா பசலாக்குவாவும் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கி ‘டாட்டூடைம்’ என்னும் இதழை வெளியிட்டனர். 1991ஆம் ஆண்டு வரை ஐந்து இதழ்களே வந்தன. ஆயினும் அவற்றின் தாக்கம் பெரிது. புதிய பழங்குடி மரபு என்னும் பொருளை முதல் இதழ் எடுத்துக்கொண்டது. பிலிப்பீன்ஸ் வழிவந்த அமெரிக்கர் லியோ சுலுவேட்டா, போர்னியோ, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கரிய வடிவங்களை அடியொற்றி வரைந்தவை அதில் முதன்மை பெற்றன. 1990களில் உலகெங்கும் பரவிய, நம் ஊர் இளைஞர்களின் புயங்களிலும் இடம்பெற்ற, கூர்முனை கொண்ட கரிய வளைவுகளுக்கு ஊற்றுக்கண்களுள் ஒன்று அவ்விதழே.

மலேசியச் சூழலில் இருந்து இதனை நோக்கும் நமக்குச் சில வினாக்கள் எழுவது இயல்பே. சரவாக் இபான் மக்களிடையே ‘பூங்காய் தெருங்’ எனப்படும் கத்தரிப்பூ வடிவம், ஊரைவிட்டுப் பொருளும் அனுபவமும் தேடிப் புறப்படும் இளைஞனின் இரு தோள்களின் முன்புறத்திலும் குத்தப்படுவது. சுமைப்பையின் வார் அழுந்தும் இடம் அது. பூவின் நடுவே உள்ள சுருள் உயிர்க்கயிறு எனப் பொருள் கொள்ளப்படும். தலைப்பிரட்டையின் வயிற்றில் காணும் சுருளை ஒத்தது. பின்னர் அவன் செல்லும் பயணங்களுக்கு ஏற்பப் பிற வடிவங்கள் உடலில் சேரும். விரல்களில் குத்திக்கொள்ளும் உரிமையோ பழங்காலத்தில் தலைகொய்தவனுக்கே இருந்தது. எந்த வடிவம், எந்த இடத்தில், எப்போது என்பது விருப்பத்தால் அமைவதன்று, வாழ்ந்து ஈட்டிக்கொள்வது.

‘டாட்டூடைம்’ வடிவத்தை எடுத்துச் சென்றது. ஈட்டுதல் என்பது சரவாக்கிலேயே தங்கிவிட்டது. குனியோஷியும் சீனக் கதையை இரவல் வாங்கினாரே என இங்கு வினவலாம். குனியோஷி எடுத்துக்கொண்டது அச்சிட்டு விற்கப்பட்ட கதை. காசு கொடுத்தவர் எவரும் படிக்கலாம். இபான் வடிவமோ விற்பனைக்கு வந்ததே இல்லை. இரவல்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது ஹார்டியைப் போற்றுவோர் எழுத்துகளிலும் சரி, தூற்றுவோர் எழுத்துகளிலும் சரி, நாம் காணும் பெருங்குறை. கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில் அவர் உரியவரைப் பணியில் அமர்த்தினார். போர்னியோவைப் பொறுத்தவரை அவ்வாறு நிகழவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவ்விதழ் வெளிவந்த காலத்தில் சமயமாற்றத்தாலும் பள்ளிக் கல்வியாலும் நகரக் குடியேற்றத்தாலும் சரவாக்கிலேயே இக்கலை அருகிவந்தது. பின்னர்க் கூச்சிங்கில் இபான் கலைஞர்கள் கையால் தட்டிக் குத்தும் பழைய முறையை மீட்டெடுத்தபோது, உலகம் அவ்வடிவங்களை முன்னரே அறிந்திருந்தது அவர்களுக்குத் துணையாயிற்று. பொருள் இழந்த வடிவமே பொருளைத் தேடிச் செல்லும் வழியாகவும் அமைந்தது.

இரண்டாயிரம் நாகங்களும் ஒரு சட்டையும்

1986ஆம் ஆண்டு ஹவாய்க்குக் குடிபெயர்ந்த பின்னர் ஹார்டி தாளிலும் துணியிலும் வரைவதற்கு மீண்டார். 1995ஆம் ஆண்டு நியூயார்க்கின் வரைபட மையத்தில், ஒரு நூற்றாண்டுக் காலப் பச்சைக்குத்து வரைபடங்களைத் தொகுத்துக் கண்காட்சி அமைத்தார். தாம் கைவிட்ட சுவர்த்தாள்களையே கலைக்கூடச் சுவரில் சட்டமிட்டு மாட்டினார் என்பது சிந்திக்கத்தக்கது. பெயர் தெரியாமலேயே மறைந்த கைவினைஞர் பலரின் படங்கள் அதில் இடம்பெற்றன.

2000ஆம் ஆண்டு சீன முறைப்படி நாக ஆண்டு. அதனையொட்டி அவர் 500 அடி நீளச் சுருளில் இரண்டாயிரம் நாகங்களை வரைந்து முடித்தார். பச்சை குத்துவோர் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரையும் உருவம் நாகம். அதனையே இரண்டாயிரம் முறை, ஒன்றுபோல் மற்றொன்று அமையாதவாறு வரைந்திருக்கிறார். சில செதில் செதிலாகத் தெளிவுற அமைந்தவை. சில மைக்கறை போல் கரைந்தவை. சில கேலிச்சித்திரம் போன்றவை. சுவர்ப்படத்தின் ஒரே கழுகுக்கு எதிராக எழுப்பப்பட்ட நீண்ட விடையாக இச்சுருளை நாம் வாசிக்கலாம். ஓவியர் ஹார்டியின் தலைசிறந்த ஆக்கம் இதுவே என்பதில் நமக்கு ஐயமில்லை.

இதனை அடுத்து வந்ததுதான் சட்டை. 2002ஆம் ஆண்டு ஆடை நிறுவனம் ஒன்று அவருடைய படங்களைப் பயன்படுத்த உரிமம் பெற்றது. 2004ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆடை வணிகர் கிறிஸ்டியன் ஓடிஜியே அவ்வுரிமத்தைப் பெற்று, திரைநட்சத்திரங்களின் உடலில் அச்சட்டைகளை ஏற்றினார். மகிழுந்துகளில் கோட்டுச் சித்திரம் வரைந்து புகழ்பெற்ற வான் டச் என்பாரின் பெயரை ஆடைச் சின்னமாக்கும் பணியில் இருந்தவர் அவர். 2009ஆம் ஆண்டளவில் ‘எட் ஹார்டி’ பெயர் தாங்கிய பொருள்களின் ஆண்டு விற்பனை 70 கோடி அமெரிக்க டாலரைக் கடந்ததாகச் செய்திகள் வந்தன. சட்டையும் தொப்பியும் மட்டுமல்லாமல் நறுமண நீர், மதுவகை, தீக்கொளுத்தி என அப்பெயர் ஒட்டாத பொருள் அருகிற்று. நம் ஊர் இரவுச் சந்தைகளிலும் அவற்றின் போலிகள் வரிசையாகத் தொங்கியதை நாம் கண்டதுண்டு. ஹார்டி வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்தது. பின்னர்ப் பெயரின் உரிமையில் பெரும்பகுதி வேறொரு நிறுவனத்திடம் சென்றது. ஓடிஜியே 2015ஆம் ஆண்டு காலமானார்.

வான் டச் 1992ஆம் ஆண்டு மறைந்தவர். காலின்ஸ் 1973ஆம் ஆண்டு மறைந்தவர். அவ்விருவர் பெயர்களும் அவர்கள் மறைவுக்குப் பின்னரே ஒன்று தொப்பியிலும் மற்றொன்று ரம் புட்டியிலும் ஏறின. ஹார்டியோ தம் வாழ்நாளிலேயே, தம் கையெழுத்திட்டு அதற்கு இசைந்தவர். வறுமையில் உழன்ற தொழிலரின் வரலாற்றை அறிந்தவர்கள் அவர் பணம் ஈட்டியதைக் குறைகூற மாட்டார்கள், நாமும் கூறவில்லை. திறனாய்வாளர் நோக்க வேண்டியது படத்திற்கு நேர்ந்ததையே. சட்டையில் அச்சான புலியும் மண்டையோடும் பெரும்பாலும் அவருடைய பழைய சுவர்ப்படப் பாணியைச் சேர்ந்தவை. ரியலிஸ்டிக் கூடத்தில் தனித்தனி உடல்களுக்கென வரைந்தவற்றை அவ்வாறு பெயர்த்தெடுக்க இயலாது. அவற்றில் நாகத்தின் வளைவு ஒரு குறிப்பிட்ட மனிதரின் தோளெலும்பைச் சார்ந்தது. ஆகவே வணிகம் தனக்கு ஏற்றதைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. எங்கும் ஒட்டக்கூடியதை எடுத்துக்கொண்டு, ஓரிடத்தில் மட்டுமே வாழக்கூடியதை விட்டுவிட்டது. ஹார்டியின் கலைக்குள் இவ்விரண்டும் தொடக்கத்திலிருந்தே உடனுறைந்தன என்பதனால், சட்டையை அவர் கலைக்கு முற்றிலும் புறம்பான விபத்து என ஒதுக்கிவிடவும் இயலவில்லை. பெர்ட் கிரிமின் சுவரைப் பார்த்து வரைந்த சிறுவனும் அவரே.

2019ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம் அவருடைய ஆக்கங்களைத் தொகுத்து விரிவான கண்காட்சி நடத்தியது. சிறுவயது வரைபடங்கள், செப்புத்தகட்டு அச்சுகள், நாகச் சுருள் எனப் பலவும் அதில் இடம்பெற்றன. தோலில் செய்தவற்றை நிழற்படங்களாகவும் வரைவுத் தாள்களாகவும்தான் காட்ட முடிந்தது. அவற்றின் மூலங்கள் அவ்வேளையில் எங்கெங்கோ பணிக்குச் சென்றுகொண்டும், சமைத்துக்கொண்டும், முதுமையடைந்துகொண்டும் இருந்தன. 1974ஆம் ஆண்டு முப்பது வயதில் அக்கூடத்துக்குச் சென்ற ஒருவருக்கு இன்று எண்பது வயது கடந்திருக்கும். அத்தோல்களின் முழுமையான பட்டியலை இதுவரை எவரும் தொகுத்ததாகத் தெரியவில்லை; தொகுக்க முனைவோருக்கு எஞ்சியுள்ள ஆண்டுகளும் குறைவே.